எடையில்லாத இடத்தில் கால்களைக் காப்பாற்றியது எது? ஸ்கைலாப்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஸ்கைலாப் என்றதும் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு 1979 ஜூலை மாதம்தான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் முதல் விண்வெளி நிலையம் கீழே விழப்போகிறது, எங்கே விழும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்ற செய்தி ஊர் ஊராகப் பரவிய மாதம் அது. ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டு துண்டாக விழுந்தது. நம் ஊர்களில் அந்தப் பெயர் ஒரு பீதியாகவே நின்றுவிட்டது. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே நிலையத்துக்குள் ஒன்பது பேர் உடற்பயிற்சிக்காகப் பட்ட பாட்டைப் பற்றி இங்கே அதிகம் பேசப்படவில்லை. ஜிம் இல்லாமல், கையில் கிடைத்ததை வைத்து உடலைத் தேற்ற நினைக்கும் யாருக்கும் அதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். காரணம், அங்கே ஒவ்வொன்றையும் அளந்தார்கள்.

1973 மே முதல் 1974 பிப்ரவரி வரை மூன்று குழுக்கள் ஸ்கைலாபில் தங்கின. குழுவுக்கு மூவர். முதல் குழு 28 நாள், இரண்டாவது 59 நாள், மூன்றாவது 84 நாள். எடையின்மை உடலைக் கெடுக்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். அப்படியானால் நாள் கூடக் கூடக் கேடும் கூடியிருக்க வேண்டும். நடந்ததோ தலைகீழ். 28 நாள் தங்கியவர்கள் பூமிக்குத் திரும்பி, சைக்கிள் சோதனையில் பழைய நிலையை எட்டக் கிட்டத்தட்ட மூன்று வாரம் பிடித்தது. 84 நாள் தங்கியவர்கள் ஒரு வாரத்துக்குள் எட்டிவிட்டார்கள். கால் தசைகளின் வலிமையிலும் கடைசிக் குழுவுக்குத்தான் இழப்பு மிகக் குறைவு. இடையில் என்ன மாறியது என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

எடை தூக்க முடியாத இடம்

சுற்றுவட்டப் பாதையில் டம்பெல்லுக்கு எடை கிடையாது. ஐம்பது கிலோ இரும்பைச் சுண்டுவிரலால் தள்ளிவிடலாம்; அது மெதுவாக மிதந்து போகும். அதைவிட முக்கியம், நம் உடலுக்கே எடை கிடையாது. தரையில் தண்டால் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கைகள் தாங்குகின்றன. பஸ்கியில் பாதத்துக்கு மேல் உள்ள மொத்தத்தையும் கால்கள் தூக்குகின்றன. சம்பளமில்லாமல் நமக்கு வேலை செய்யும் இந்தப் புவியீர்ப்பை எடுத்துவிட்டால் இரண்டுமே வெறும் கைகால் அசைப்பு. ஒரு பைசா செலவில்லாத உடற்பயிற்சி என்று நாம் நினைக்கும் எல்லாமே அங்கே செல்லாத காசு.

ஸ்கைலாபுக்கு முன்பே இதற்கு மாற்று தேடியிருந்தார்கள். 1965இல் ஜெமினி 7 கலத்தில் இரண்டு வாரம் அடைந்து கிடந்த ஃபிராங்க் போர்மனுக்கும் ஜிம் லவலுக்கும் கொடுக்கப்பட்டது ஒரு ரப்பர் கயிறு. அப்போலோ கலங்களில் உராய்வால் இறுகும் ஒரு கயிற்றுக் கருவி இருந்தது. சோவியத் தரப்பில் 1970 ஜூனில் சோயுஸ் 9 கலத்தில் ஏறத்தாழ 18 நாள் இருந்து திரும்பிய நிகோலயேவும் செவஸ்தியானவும் தாமாக எழுந்து நடக்க முடியாமல் தவித்தார்கள். மாதக்கணக்கில் தங்கும் நிலையம் ஒன்றைக் கட்டுவதற்கு முன் அந்தச் செய்தி நல்ல சகுனமாக இல்லை.

முதல் குழு: சைக்கிள் மட்டும்

பீட் கான்ராட், ஜோசப் கெர்வின், பால் வைட்ஸ் மூவரும் 1973 மே 25 அன்று கிளம்பினார்கள். கெர்வின் மருத்துவர். நிலையம் ஏவப்பட்டபோதே வெயில் தடுப்புக் கவசம் பிய்ந்துபோயிருந்ததால் உள்ளே அடுப்பு போலக் கொதித்தது. குடை போன்ற ஒரு மறைப்பை விரித்த பிறகுதான் உள்ளே மனிதர் இருக்க முடிந்தது. இந்தக் களேபரத்துக்கு நடுவில்தான் உடற்பயிற்சியும்.

அவர்களுக்கென்று இருந்தது ஒரு நிலையான சைக்கிள். இருக்கை, மிதிகட்டை, சுமையைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. உடற்பயிற்சிக்கும் மருத்துவச் சோதனைக்கும் அதுவே கருவி. மிதிப்பவர் மிதந்து போகாமலிருக்கத் தோளிலும் இடுப்பிலும் மாட்டும் வார்கள் கொடுத்திருந்தார்கள். தரையில் எல்லாம் கச்சிதமாக இருந்த அந்த வார்கள் மேலே போனதும் உதவாமல் போயின. உடலைக் கீழே இழுத்துக் கட்டினால் கால் சரியாக ஓடவில்லை, மூச்சு முட்டியது, குறித்த சுமையை எட்ட முடியவில்லை. கொஞ்ச நாள் போராடிவிட்டு வார்களைக் கழற்றிவிட்டார்கள். காலணியை மிதிகட்டையில் பூட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மிதித்தபோது சரியாக வந்தது. கான்ராட் சைக்கிளைக் கைகளாலும் சுற்றிப் பார்த்தார். இருக்கை இருக்கிறதே என்பதற்காக உட்கார்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அங்கே யாருக்கும் இல்லை.

இன்னொரு கண்டுபிடிப்பும் அந்தக் குழுவுடையது. நிலையத்தின் பெரிய அறை 6.7 மீட்டர் விட்டமுள்ள உருளை. அதன் மேல்பகுதியில் சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டிகள் வட்டமாக அமைந்திருந்தன. அந்த வட்டத்தின் மேல் கால் வைத்து ஓடத் தொடங்கினால், ஓட்டத்தின் வேகமே உடலைச் சுவரோடு அழுத்தும். பொருட்காட்சியில் மரணக்கிணற்றுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவரைக் கீழே விழாமல் பிடித்துவைக்கும் அதே விசைதான். யாரும் திட்டமிடாத ஓடுதளம். படமாகவும் எடுத்தார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஓடி முடிக்கும் சில நிமிடங்களுக்கு, எடையின் ஒரு பகுதி மட்டுமே கால்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

நாளுக்குச் சுமார் அரைமணி நேரப் பயிற்சி. 28 நாள் கழித்துத் திரும்பியவர்களை அளந்தபோது, இதயமும் நுரையீரலும் மேலே இருந்தவரை நன்றாகவே வேலை செய்தன என்று தெரிந்தது. கால்களை நீட்டும் தசைகளின் வலிமையோ ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் போயிருந்தது. நாள்தோறும் சைக்கிள் மிதித்தவர்களின் கால்கள்தான் அவை.

ஒரு சின்னக் கணக்கு

இது எப்படி? சைக்கிள் காலுக்குத்தானே பயிற்சி? இந்த இடத்தில் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒருவர் 150 வாட் சுமையில், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஆளுக்கு அது வியர்த்துக் கொட்டும் வேகம். மிதிகட்டைத் தண்டின் நீளம் 17 செ.மீ. ஒரு வினாடிக்கு ஒரு சுற்று. ஒரு சுற்றில் மிதிகட்டை நகரும் தூரம் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகம். 150 வாட்டை அதனால் வகுத்தால் சராசரி விசை சுமார் 140 நியூட்டன். அதாவது 14 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஈடு. அதையும் இரண்டு கால்கள் மாறி மாறிப் பகிர்ந்துகொள்கின்றன. மிதிக்கும் உச்சத்தில் இது இரண்டு மடங்காகும் என்று தாராளமாகக் கொண்டாலும் முப்பது கிலோவைத் தாண்டவில்லை.

இப்போது தரையில் சும்மா நடந்துபோகும் எழுபது கிலோ மனிதரைப் பாருங்கள். ஒவ்வோர் அடியிலும் அந்த எழுபது கிலோவும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. குதிகாலைத் தூக்கி முன்னே உந்தும்போது கெண்டைக்கால் தசை இழுக்கும் விசை உடல் எடையையும் தாண்டும். மாடிப்படி ஏறினால் தொடையும் சேர்ந்துகொள்கிறது. காலையில் எழுந்து பல் துலக்கி, பால் வாங்கக் கடைக்குப் போய்வருவதற்குள் நம் கால்கள் சந்திக்கும் உச்ச விசையை விண்வெளி வீரர் அரைமணி நேரம் மூச்சிரைக்க மிதித்தும் சந்திக்கவில்லை.

மூச்சிரைப்பும் வியர்வையும் இதயம் உழைப்பதைக் காட்டுகின்றன. தசைக்கு எவ்வளவு பாரம் கிடைத்தது என்பதை அவை காட்டுவதில்லை. முதல் குழு செய்யாமல் விட்டது பயிற்சியை அல்ல, பாரத்தை.

இரண்டாவது குழு: கை தப்பியது, கால் தப்பவில்லை

ஆலன் பீன், ஓவன் கேரியட், ஜாக் லூஸ்மா மூவரும் ஜூலை 28 முதல் செப்டம்பர் 25 வரை 59 நாள் இருந்தார்கள். பயிற்சி நேரம் நாளுக்கு ஒரு மணி அளவுக்குக் கூடியது. இரண்டு புதிய கருவிகளும் சேர்ந்தன. இரண்டுமே கடையில் கிடைக்கும் சரக்கு, கொஞ்சம் மாற்றியமைத்தது. ஒன்று, எவ்வளவு பலமாக இழுத்தாலும் குறித்த வேகத்துக்கு மேல் ஓடாத கயிறு. மற்றது, இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே ஐந்து ஸ்ப்ரிங் வரை மாட்டி நெஞ்சுக்கு முன்னால் விரிக்கும் சாதனம். புல்வொர்க்கர் என்ற உடற்பயிற்சிக் கருவியின் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இதன் உறவுமுறையைச் சட்டென்று புரிந்துகொள்ளும்.

திரும்பியபோது கைகளின் வலிமை ஏறத்தாழ அப்படியே இருந்தது. கால்களோ முதல் குழுவை ஒட்டிய அளவுக்கு இளைத்திருந்தன. கருவிகள் இரண்டும் கைக்கும் தோளுக்கும் முதுகுக்கும் போதுமான பாரத்தைக் கொடுத்தன; கால் கேட்கும் பாரத்துக்கு அவை எட்டவில்லை.

என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் மையம் இதுதான். கடைசிக் குழுவின் வெற்றியைப் பலரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதைவிட இந்த இரண்டாவது குழுவின் அரைகுறை வெற்றி அதிகம் சொல்கிறது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

தார்ன்டனின் தகடு

இந்த அளவீடுகளுக்குப் பின்னால் இருந்தவர் வில்லியம் தார்ன்டன். வட கரோலினாக்காரர், மருத்துவர், இயற்பியலும் படித்தவர், கருவிகளைத் தாமே உருவாக்கும் கை. ஆள் நல்ல கட்டுமஸ்தானவர். 1972இல் ஸ்கைலாபின் மருத்துவச் சோதனைகளை ஒத்திகை பார்க்க ஹூஸ்டனில் ஒரு கூண்டுக்குள் 56 நாள் அடைந்து கிடந்த மூவரில் ஒருவர். மற்ற இருவர் ராபர்ட் கிரிப்பனும் கரோல் பாப்கோவும். வீரர்களின் வலது கையிலும் வலது காலிலும் மடக்கும் தசை, நீட்டும் தசை இரண்டின் வலிமையையும் பயணத்துக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும் என்று நின்றவர் அவர். அந்த அளவீடு இல்லாமல் போயிருந்தால், "எல்லோரும் கொஞ்சம் தளர்ந்து வந்தார்கள்" என்ற பொத்தாம்பொதுவான வாக்கியம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

கால்களுக்கு டிரெட்மில் வேண்டும் என்பது அவர் முடிவு. ஆனால் மூன்றாவது குழு கிளம்பும் கலத்தில் இடமே இல்லை. பயணம் 84 நாளாக நீட்டப்பட்டதால் கூடுதல் உணவே மூலை முடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டிருந்தது. மோட்டாரும் பெல்ட்டும் உருளைகளும் கொண்ட டிரெட்மில்லுக்கு வாய்ப்பே இல்லை. அவர் கொடுத்தனுப்பியது டெஃப்லான் பூசிய ஒரு அலுமினியத் தகடு. எடை இரண்டு கிலோகூட இல்லை.

அது வேலை செய்த விதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்கைலாபின் தளம் முழுப் பலகையாக இல்லாமல் முக்கோண ஓட்டைகள் கொண்ட உலோகச் சட்டமாக இருந்தது. வீரர்களின் காலணியடியில் இருந்த முக்கோணக் கட்டையை அந்த ஓட்டையில் செருகித் திருகினால் ஒரே இடத்தில் நிற்கலாம். தகட்டை அதே சட்டத்தில் சற்றுச் சாய்வாகப் பூட்டுவார்கள். வீரர் தோளிலும் இடுப்பிலும் வார்களை மாட்டிக்கொள்வார். அதிலிருந்து நான்கு ரப்பர் கயிறுகள் கீழே தளத்துக்குப் போகும். நான்கும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ விசையில் அவரைத் தகட்டின் மேல் அழுத்தும். இழந்த எடை திரும்ப வந்துவிட்டது. காலணியைக் கழற்றி, காலுறையோடு தகட்டில் நின்று அடியெடுத்து வைப்பார். பின்னால் போகும் கால் டெஃப்லான் மேல் வழுக்கிக்கொண்டு போகும். அடுத்த கால் முன்னே வரும். எண்ணெய் தடவிய மலைச்சரிவில் ஏறுவதற்கு ஒப்பான நடை. ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் எரியும். உள்ளதிலேயே சிரமமான பயிற்சி அதுதான். வீரர்கள் அதற்கு வைத்த செல்லப்பெயர் "தார்ன்டனின் பழிவாங்கல்".

கெண்டைக்கால் அவ்வளவு சீக்கிரம் சோர்ந்ததால் அந்தத் தகட்டில் நெடுநேரம் ஓட முடியாது. மூச்சுப் பயிற்சிக்கு அது லாயக்கில்லை. அந்தக் குறையைத் தார்ன்டனே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். ஜெரால்ட் கார், எட்வர்ட் கிப்சன், வில்லியம் போக் மூவரும் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்தார்கள். அதில் தகட்டின் மேல் நடந்ததும் குதித்ததும் சுமார் பத்து நிமிடம். மீதி நேரமெல்லாம் பழைய சைக்கிளும் கயிறும் ஸ்ப்ரிங்கும்.

1974 பிப்ரவரி 8 அன்று திரும்பியவர்களை அளந்தபோது கால் வலிமையின் இழப்பு முந்தைய குழுக்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. அதுவும் முதல் குழுவைப் போல மூன்று மடங்கு காலம் தங்கிவிட்டு.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இங்கே கொஞ்சம் சந்தேகப்படுவது நியாயம். மொத்தமே ஒன்பது பேர். குழுவுக்குக் குழு மாறியது கருவி மட்டுமல்ல; பயிற்சி நேரமும் அரைமணி, ஒருமணி, ஒன்றரைமணி என்று மும்மடங்காகியிருக்கிறது. கடைசிக் குழு நன்றாகச் சாப்பிடவும் செய்தது. முதல் குழு வெப்பத்திலும் பழுதுபார்க்கும் வேலையிலும் வதைபட்டது. இவ்வளவும் ஒன்றாக மாறியிருக்கும்போது ஒரு தகட்டுக்கு முழுப் பெருமையையும் கொடுப்பது எப்படி?

இந்தக் கேள்விக்கு விடை இரண்டாவது குழுவிடம் இருக்கிறது. அதே மூன்று மனிதர்கள். அதே சாப்பாடு, அதே தூக்கம், அதே 59 நாள். அவர்களின் கைகள் தேறின, கால்கள் தேறவில்லை. உணவுதான் காரணம் என்றால் அது கைக்கும் காலுக்கும் பாகுபாடு பார்த்திருக்காது. மொத்தப் பயிற்சி நேரம்தான் காரணம் என்றாலும், சைக்கிளில் அதிக நேரம் உழைத்த கால்தான் முதலில் தப்பியிருக்க வேண்டும். பாரம் கிடைத்த உறுப்பு நின்றது, கிடைக்காத உறுப்பு இளைத்தது. இந்த உள் ஒப்பீட்டுக்கு வேறு விளக்கம் சொல்வது கடினம். அதற்குப் பிறகு மூன்றாவது குழுவில் காலுக்கும் பாரம் கொடுத்துப் பார்த்தபோது காலும் நின்றது. சாப்பாட்டுக்கும் நேரத்துக்கும் இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. கடைசிக் குழுவின் பொதுவான தெம்பில் அவற்றுக்கும் பங்கு உண்டு.

ஒரு விஷயத்தில் மூன்று குழுக்களுமே தோற்றன. எலும்பிலிருந்து கால்சியம் தொடர்ந்து கசிந்துகொண்டே இருந்தது. பத்து நிமிட வழுக்கு நடையின் பாரம் தசைக்குப் போதுமானதாக இருந்தது, எலும்புக்குப் போதவில்லை. பின்னாளில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 2000இல் வைத்த முதல் பாரக் கருவி ரப்பரின் மீள்திறனை நம்பியது. அதன் உச்சம் சுமார் 136 கிலோ. அதிலும் எலும்பு இழப்பு நிற்கவில்லை. 2008இல் வெற்றிட உருளைகளால் இயங்கும் கருவி ஒன்று போனது. அதில் 272 கிலோ வரை ஏற்றலாம். நல்ல உணவும் வைட்டமின் டியும் சேர்ந்தபோதுதான் எலும்பு ஓரளவுக்கு நின்றது. இன்று அங்கே தங்குகிறவர்கள் தயாரிப்பு நேரத்தையும் சேர்த்து நாளுக்கு இரண்டரை மணி நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குகிறார்கள். 2007 ஏப்ரலில் சுனிதா வில்லியம்ஸ் பாஸ்டன் மாரத்தானை மேலேயே டிரெட்மில்லில் ஓடி முடித்தபோதும் அவரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது தோள் வாரும் அதனோடு சேர்ந்த இழுவையும்தான். கருவி நாகரிகமாகிவிட்டது, சூத்திரம் 1973இல் போட்டது.

தார்ன்டன் தம் 54ஆம் வயதில், 1983 ஆகஸ்டில், சேலஞ்சர் விண்கலத்தில் முதன்முறையாகப் பறந்தார். நம் வீடுகளுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்த இன்சாட் 1பி ஏவப்பட்டதும் அதே பயணத்தில்தான்.

தரையில் இதற்கு என்ன பொருள்?

தரையில் இருக்கும் நாம் 80 கிலோ ரப்பரைத் தேட வேண்டியதில்லை. எடை இலவசம். ஆனாலும் முதல் இரண்டு குழுக்களின் தவறு நம் வீட்டுப் பயிற்சியில் அப்படியே இருக்கிறது. எனக்குத் தெரிந்த பலருக்கு உடற்பயிற்சி என்றால் காலை நடை. வியர்க்கிறது, சர்க்கரை கட்டுப்படுகிறது, மனசும் தெளிகிறது. எல்லாம் உண்மை. ஆனால் அவர்களில் பலருக்குத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க முடிவதில்லை. இது முதல் குழுவின் நிலை. இளைஞர்கள் பலர் நாளும் நூறு தண்டால் எடுக்கிறார்கள். நெஞ்சும் தோளும் திரண்டிருக்கின்றன, படியேறினால் தொடை நடுங்குகிறது. இது இரண்டாவது குழு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, வாரம் இரண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் வலிமைப் பயிற்சி வேண்டும் என்கிறது. முதல் பாதியை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது பாதி காதில் விழுவதில்லை.

கருவி எதுவும் இல்லாதவர் முதலில் பார்க்க வேண்டியது, தம் அன்றாடத்தில் எந்தத் தசைக்குப் பாரமே கிடைப்பதில்லை என்பதை. கால் என்றால் பஸ்கி. முப்பது எண்ணிக்கை எளிதாகிவிட்டதும் நூறுக்குப் போவதுதான் பொதுவான வழக்கம். அங்கே பஸ்கி சைக்கிளாக மாறிவிடுகிறது: மூச்சுக்குப் பயன், வலிமைக்குப் பெரிதாக இல்லை. எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் பதில் பாரத்தைக் கூட்ட வேண்டும். பிள்ளைகளின் பழைய பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டையைப் போட்டு நெஞ்சோடு மாட்டிக்கொள்ளலாம். ஒரு காலைப் பின்னால் தாழ்வான முக்காலியில் வைத்து, முன்காலால் மட்டும் இறங்கி ஏறலாம். பையே இல்லாமல் பாரம் கணிசமாக ஏறிவிடும். பத்துப் பன்னிரண்டு எண்ணிக்கையில் கால் போதும் போதும் என்று சொல்லும் அளவுதான் சரியான அளவு. கெண்டைக்காலுக்கு மாடிப்படி விளிம்பு போதும். முன்பாதத்தை விளிம்பில் வைத்து, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, குதிகாலைக் கீழே தாழ்த்தி மேலே எழும்ப வேண்டும். இரண்டு காலில் எளிதாக இருந்தால் ஒற்றைக் காலில்.

வீட்டில் உண்மையிலேயே பஞ்சம் இழுக்கும் பயிற்சிக்குத்தான். தள்ளுவதற்குத் தரை இருக்கிறது, சுவர் இருக்கிறது. இழுப்பதற்கு எதுவும் இல்லை. கிணற்றில் நாள்தோறும் இருபது குடம் இறைத்தவர்களுக்கு முதுகும் முன்கையும் எப்படி இருந்தன என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மோட்டார் வந்து அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டதில் யாருக்கும் வருத்தமில்லை, எனக்கும் இல்லை. ஆனால் அந்த இடத்தை வேறொன்று நிரப்பவில்லை. வேப்பமரக் கிளையோ பூங்காவில் குறுக்குக் கம்பியோ கிடைத்தால் தொங்குவதிலிருந்தே தொடங்கலாம். முழுதாக மேலே எழும்ப முடியாதவர்கள் முக்காலியில் ஏறி மேலே நின்றுகொண்டு, கையின் பிடியில் மெதுவாக இறங்கிப் பழகலாம். அதுவும் முடியாதவர்களுக்கு உறுதியான சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்து, விளிம்பைப் பிடித்து நெஞ்சை மேலே இழுக்கும் வழி இருக்கிறது. மேசை கவிழாது என்று முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

ஸ்கைலாபின் ரப்பர் கயிற்றுக்கு நம் ஊரில் சரியான மாற்று, பஞ்சர் கடையில் தூக்கிப்போடும் சைக்கிள் ட்யூப். வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு நீளமாக எடுத்துக்கொண்டால், ஜன்னல் கம்பியில் மாட்டி இழுக்கவும், காலடியில் மிதித்துத் தோளுக்கு மேல் மாட்டிக்கொண்டு பஸ்கி எடுக்கவும் உதவும். ரப்பருக்கு ஒரு குணம் உண்டு: நீள நீளத்தான் இறுகும். பஸ்கியில் முழுக்க உட்கார்ந்திருக்கும் நிலையில் ட்யூப் தளர்ந்து சும்மா கிடக்கும். எழுந்து நிமிரும்போதுதான் பிடிக்கும். எனவே ட்யூப் இருக்கிறதே என்று அரிசிப் பையைக் கைவிட வேண்டாம். இரண்டையும் சேர்த்துச் செய்தால் கீழேயும் பாரம், மேலேயும் பாரம்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் பஸ்கியில் பாதிவரை இறங்கினால் போதும், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தாலும் போதும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் பாரம் தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது; எழும்போது வாய்வழியாக மூச்சை விட்டுக்கொண்டே எழ வேண்டும். நெஞ்சுவலிக்கு மருந்து எடுப்பவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்கக் கூடாது. ட்யூப் பழையதாக இருந்தால் ஒவ்வொரு நாளும் பயன்படுத்துவதற்கு முன் நீட்டி, வெளிச்சத்தில் பிடித்து, மடிப்புகளில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அறுந்தால் நேரே முகத்துக்குத்தான் வரும்.